பனியாற்றின் பூஞ்சையும் பெரியபாரும்

பனியாறு உருகிப் பின்வாங்கினால் அடியில் கிடந்த தரை வெளியே வருகிறது. கல், மணல், அரைபட்ட தூள். அந்த வெற்றுத்தரையில் பூஞ்சை எப்படி வந்து சேருகிறது என்று கேட்ட ஆய்வுகளில் நான் அடிக்கடி திரும்பிப் போவது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து லைமன் பனியாற்றில் நடந்தவை. ஆரி யும்போனென், ஜேம்ஸ் ட்ராப்பி, எஃப்ரென் காசரேஸ் முதலானோர் இருபது வருஷ வேலையைத் தொகுத்து 2012இல் 'ஃபங்கல் இகாலஜி' இதழில் எழுதினார்கள். கற்ற பாடங்களோடு, விடை கிடைக்காத கேள்விகளையும் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். நேர்மையான வேலை. ஆனா அதன் அஸ்திவாரத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கு.

முதலில் நல்லது. இந்தக் குழுவின் கண்டுபிடிப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1994இல் காசரேஸும் ட்ராப்பியும் எழுதியது. மான், மார்மட், பைக்கா மாதிரி விலங்குகளின் புழுக்கையில் வேர்ப்பூஞ்சைகளின் வித்துகள் இருந்தன. காட்டில் பூஞ்சையைத் தின்ற விலங்கு, வெற்றுத்தரையில் கழித்துவிட்டுப் போகிறது. காற்று மட்டுமே தூக்கிவரும் என்று நினைத்துக்கொண்டிருந்த நமக்கு, நாலுகால் வண்டியும் உண்டு என்று காட்டினார்கள்.

இனி சண்டை. லைமனில் பனி விட்டுப்போன தரை ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நீளம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பின்வாங்கல். பனி விளிம்புக்குப் பக்கத்தில் இருப்பது போன வருஷத்துத் தரை, தள்ளி இருப்பது பழைய தரை. ஆகவே விளிம்பிலிருந்து நடந்தால் காலத்தில் நடப்பதுபோல என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் துறையே பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஐந்து வயசுப் பையன், முப்பது வயசுக்காரர், எழுபது வயசுத் தாத்தா என்று மூன்று வெவ்வேறு ஆட்களின் போட்டோவை வரிசையாக ஒட்டி, ஒரே ஆளின் ஆல்பம் என்று சொல்வது போல இருக்கு.

தூரத்தோடு மாறுவது வயசு மட்டுமா? பனிமேல் இருந்து இறங்கும் குளிர்காற்று, தரையின் ஈரம், காடு இருக்கும் தூரம் எல்லாமே மாறுகின்றன. எங்கள் தூத்துக்குடிக் கரையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அலை தொடும் மணலுக்கு மேலே அடம்பும் ராவணன் மீசையும், உள்ளே போனால் உடைமரமும் பனையும். அடம்பு ஒருநாள் பனங்காடாக மாறும் என்று யாராவது சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். அங்கே செடிகளைப் பிரித்து வைப்பது பெரும்பாலும் உப்பும் காற்றும்தான். லைமன் குழுவே 1999இல், முன்னோடிச் செடிகள் பள்ளமான இடத்திலும் கல்லின் ஓரத்திலும்தான் பிழைக்கின்றன என்று எழுதியிருக்கு. வயசு ஒன்றான தரையிலேயே இரண்டு அடி தள்ளினால் கதை வேறு. அப்புறம் எதற்கு அந்த ஒற்றைக் கோடு?

அலாஸ்காவின் கிளேசியர் பேயில் இது நிரூபணமே ஆனது. பாடப்புத்தகங்களில் காடு உருவாவதற்கு உதாரணமாகக் காட்டும் இடம் அது. கிறிஸ்டோபர் ஃபாஸ்டி 1995இல் பத்து இடங்களில் மர வளையங்களை எண்ணி, பழைய இடங்களும் புதிய இடங்களும் ஒரே பாதையில் வரவில்லை என்று காட்டினார். விதை தரும் மரம் எவ்வளவு தொலைவு என்பதும் பாதையை மாற்றியிருந்தது.

எங்கள் பக்கத்துச் சங்குகுளி, முத்துக்குளி ஆட்களுக்கு இது புதுசில்லை. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துப் பெரியபாரில் சிப்பிக் குஞ்சு மறுபடி மறுபடி வந்து படிந்தும், குளிப்புக்கு வளராமலே அழிந்ததை, 1902இல் அங்கே ஆய்வுக்கு வந்த ஹெர்ட்மன் பதிவு செய்திருக்கிறார். ஒரு பாரில் குஞ்சும் இன்னொரு பாரில் முதிர்ந்த சிப்பியும் கிடந்தால், முதல் பார் நாளை இரண்டாவது பாராகிவிடும் என்று யாரும் ஏலம் எடுக்கமாட்டார்கள்.

பூஞ்சைக்கு வந்தால் இன்னொரு சிக்கல். மண்ணில் டி.என்.ஏ. கிடைத்தால் 'குடியேறிவிட்டது' என்கிறார்கள். காற்றில் வந்து விழுந்த வித்தும் அதே டி.என்.ஏ.தான். ரயில் நிலையத்தில் நிற்பவர்களை எல்லாம் ஊர்க்காரர் என்று எண்ணுவதா? எல்லாமே வெறும் பயணிகள் என்றும் சொல்லமாட்டேன். இமயமலையிலும் ராக்கி மலையிலும் செடியே இல்லாத உயரத்து மண்ணில் கைட்ரிட் என்ற நீந்தும் பூஞ்சைவகையின் வரிசைகள் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்ததாக 2009இல் ஃப்ரீமன் குழு காட்டியது. காற்று கொண்டுவரும் மகரந்தமும் பாசியும் அவற்றின் சாப்பாடு என்பது அவர்கள் விளக்கம். என்ன தின்கிறது என்று கேட்டதால்தான் அந்தக் கட்டுரை எனக்கு ஒருபடி மேலே.

வேறு வழி இருக்கு, மெதுவானது. வில்லியம் கூப்பர் 1916இல் கிளேசியர் பேயில் சின்னச் சின்னத் துண்டுகளை அளந்து குறித்துவைத்தார். நூறு வருஷம் கழித்து பிரையன் பூமா குழு அதே துண்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தது. எது முதலில் வந்து சேர்ந்தது என்ற தற்செயலுக்குப் பெரிய பங்கு இருந்தது தெரியவந்தது.

இது அலாஸ்கா சமாச்சாரம் மட்டும் இல்லை. வெறும் மணலைப் பசுமையாக்க வேர்ப்பூஞ்சைப் பொடி போடு என்கிறார்கள். பழைய சவுக்குத் தோப்பு மண்ணைப் புது நாற்றங்காலில் கலப்பதும் உண்டு. லைமனில் மான் செய்ததை இங்கே மண்வெட்டி செய்கிறது. வித்து வராததுதான் தடை என்றால் பொடி உதவும். காற்றும் உப்பும் தடை என்றால் பொடிக்குக் கொடுத்த காசு மணலோடு போகும். அதனால் நம் செம்மண் தேரியில் பூஞ்சை போட்டேன், செடி வளர்ந்தது என்று யாராவது காட்டினால் நான் கேட்பது ஒன்றுதான்: பக்கத்திலேயே பொடி போடாத துண்டு எங்கே, அதை எத்தனை வருஷம் அளந்தீர்கள்?