எதிராளி இல்லாத கட்டுரை

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், வேலை பார்த்துக்கொண்டே ஒரு மேற்படிப்பில் சேர்ந்திருந்தேன். முதல் பருவத்திலேயே ஆங்கிலத்தில் இரண்டாயிரம் சொற்களுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். மணவூரிலிருந்து சென்னைக்குப் போகிற லோக்கலில் உட்கார்ந்தும் நின்றும் எழுதி முடித்தேன். இலக்கணத்தை மென்பொருளில் போட்டுச் சரிபார்த்தேன். பகட்டான இணைப்புச் சொற்களுக்கும் குறைவில்லை. திரும்பி வந்த தாளில் ஒரு பிழைகூடச் சுழிக்கப்படவில்லை. மதிப்பெண் மட்டும் பாதிக்குக் கீழே. அடியில் ஒற்றை வரிக் கேள்வி: இதில் நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள்?

ரொம்ப நாள் அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. நம்ம ஆங்கிலம் சரியில்லை, அதனால்தான் கட்டுரை நிற்கவில்லை என்று சொல்லியே பழகிவிட்டோம். எனக்கு இப்போது அதில் நம்பிக்கை இல்லை. கோளாறு ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே, தமிழ்ப் பொதுக்கட்டுரையிலேயே தொடங்கிவிடுகிறது. குறிப்புச் சட்டகம் கொடுப்பார்கள்: முன்னுரை, மரங்களின் பயன்கள், நமது கடமை, முடிவுரை. தலைப்பு 'மரம் வளர்ப்போம்'. இதை யார் மறுக்கப்போகிறார்கள்? மரம் வேண்டாம் என்று எழுந்து நிற்கிற ஒரு ஆள் அந்த அறையில் கிடையாது. ஆள் இல்லாத இடத்தில் வாதம் எப்படி வரும்? பட்டியல்தான் வரும். பன்னிரண்டு வருஷம் பட்டியல் போட்டுப் பழகிய கை, ஆங்கிலத்திலும் அதைத்தான் போடுகிறது.

எங்கள் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு உதாரணம் இருக்கிறது. செப்டம்பர் 5 வந்தால் மேடைக்கு மேடை அவர் படம் வைத்துப் பேசுவோம். யாரும் அவரைப் படிப்பதில்லை. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1888-ல் திருத்தணியில் பிறந்தவர். திருப்பதி, வேலூர் என்று படித்துவிட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வந்தார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. தத்துவம் அவர் தேடிப்போய் எடுத்த பாடமும் அல்ல. பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டார், புத்தகச் செலவு மிச்சம்.

1908-ல், இருபது வயதில், முதுகலைக்காக அவர் எழுதிய ஆய்வேடு வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. தலைப்பைவிட அது எழுதப்பட்ட சூழல்தான் எனக்கு முக்கியம். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமே இல்லை என்பது அன்றைய மிஷனரி அறிஞர்களின் குற்றச்சாட்டு. உலகமே மாயை என்றால் உலகத்தில் நடக்கும் நன்மையும் தீமையும் மாயைதானே, பிறகு யார் யாருக்கு எதற்காக நல்லது செய்ய வேண்டும்? எளிதில் உதறிவிட முடியாத கேள்வி. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு மாணவன் பதில் எழுதுகிறான். அதைத் திருத்தப்போகிறவர் ஏ.ஜி. ஹாக், ஸ்காட்லாந்துக்காரர், கிறித்தவ இறையியலாளர், கர்மக் கோட்பாட்டை விமர்சித்து எழுதிக்கொண்டிருந்தவர். ஆய்வேட்டைக் கொடுக்கும்போது பேராசிரியர் மனம் புண்படுமோ என்று பயந்ததாக ராதாகிருஷ்ணனே பிற்பாடு எழுதினார். ஹாக் புண்படவில்லை. சிக்கலான வாதத்தைச் சுலபமாகக் கையாளுகிற திறன் இருக்கிறது என்று நற்சான்று கொடுத்தார். ஆங்கிலத்தையும் பாராட்டினார், ஆனால் அது வாதத்துக்குப் பிறகுதான்.

அந்த பயத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். படிக்கப்போகிறவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரிந்து எழுதுபவன் ஒரு வாக்கியத்தையும் சும்மா விட முடியாது. 'ஆகவே' என்று போட்டால் ஏன் 'ஆகவே' என்று எதிரே ஒருவர் கேட்பார். நான் பார்க்கிற மென்பொருள் வேலையில் கோட் ரிவ்யூ அப்படித்தான். நம்மைவிடக் கறாரான ஒருவர் படிக்கப்போகிறார் என்றால் கை தானாக நின்று யோசிக்கும்.

ஆனால் பயம் இருந்தால் மட்டும் வாதம் ஜெயித்துவிடாது. வேதாந்த அறவியலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆதாரம் ஒன்று உண்டு: நீயும் நானும் ஒன்று, ஆகவே நான் உன்னை நேசிக்க வேண்டும். ஜெர்மானிய அறிஞர் பால் டாய்சன் 1893-ல் பம்பாயில் பேசியபோது இதைத்தான் பெருமையாகச் சொன்னார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்றால், நான் உன்னை அடித்தாலும் அடிபடுவதற்கு 'இன்னொருவர்' இல்லையே? இதே ஒருமையிலிருந்து அன்பையும் எடுக்கலாம், அலட்சியத்தையும் எடுக்கலாம். நடுவில் ஒரு படி குறைகிறது. அந்தப் படியை வைக்காமல் தாண்டுகிறவர்கள் எல்லோரும் நல்ல மொழிநடை உள்ளவர்களாக இருப்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

ராதாகிருஷ்ணனுக்கும் பிறகு அது நடந்தது. 1926-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அப்டன் சொற்பொழிவுகள், 1929-ல் ஹிப்பர்ட் சொற்பொழிவுகள். அரங்கு நிறைய மரியாதையோடு கேட்கிறவர்கள். நடை பெருக்கெடுத்து ஓடுகிறது. ஹிப்பர்ட் உரைகளிலிருந்து வந்த நூலில் உள்ளுணர்வு தனக்குத் தானே சான்று என்கிறார், சுவதஸ்சித்தம், சுயம்பிரகாசம். அது அறிவுக்கு எதிரானதல்ல என்று சொல்லவும் செய்கிறார்தான். இருந்தாலும், ஒன்று தனக்குத் தானே சான்றாகிவிட்டால் எதிரே நிற்பவருக்குக் கால் வைக்க இடமில்லை. 1952-ல் அவரைப் பற்றி ஷில்ப் பதிப்பித்த பெருந்தொகுப்பில் விமர்சகர்களுக்கு அவரே பதில் எழுதினார். அங்கேயும் பல இடங்களில் எதிராளியை மறுப்பதைவிட அணைத்துக்கொள்கிறார். நல்ல குணம். வாதத்துக்கு நல்லதில்லை. புகழ்பெற்ற ராதாகிருஷ்ணனைவிடப் பேராசிரியருக்குப் பயந்த அந்த இருபது வயதுப் பையன்தான் கட்டுரையாளனாக எனக்குப் பெரியவனாகத் தெரிகிறான்.

இதெல்லாம் மேற்கிலிருந்து கற்க வேண்டிய வித்தை என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை எப்படி அமைத்தார்? முதலில் பரபக்கம், பிறகுதான் சுபக்கம். பரபக்கத்தில் உலகாயதன் வருவான், பௌத்தன் வருவான், ஒவ்வொருவர் கட்சியையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுதலை. மாயாவாதியும் அந்த வரிசையில் உண்டு. அதாவது ஹாக் வருவதற்கு அறுநூறு வருஷம் முன்பே மாயாவாதத்தை எதிர்த்துத் தமிழில் வழக்கு நடந்திருக்கிறது. நன்னூல் எழுவகை மதத்தில் பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பிறகு களைவதும் ஒன்று. இன்று ஆங்கிலக் கட்டுரை வகுப்புகளில் எதிர்வாதம் என்று பயிற்றுவிப்பது அதையேதான். நூற்குற்றம் பத்தில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று இருக்கிறது. என் இரண்டாயிரம் சொல் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான மதிப்புரை கிடையாது. பத்தையும் எங்கோ ஒரு வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். எழுதிய எந்தக் கட்டுரையிலும் ஒன்றைக்கூடத் தேடிப் பார்த்ததில்லை.

போன மாதம் அக்கா மகன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தான். பத்தாம் வகுப்பு. தலைப்பு அதேதான், மரம் வளர்ப்போம்.

"மரம் வேணாம்னு யாருடா சொல்லுவாங்க?" என்றேன்.

"யாரும் சொல்ல மாட்டாங்க மாமா."

"ரோட்டை அகலப்படுத்துறவங்க?"

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். "ரோடும் வேணும்தான மாமா? ஆம்புலன்ஸ் போகணும்ல?" என்றான். முன்னுரையை அடித்துவிட்டு, ஆம்புலன்ஸிலிருந்து எழுத ஆரம்பித்தான். ஒரு பக்கம் போனபின் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, சிறுதலைப்பு இல்லன்னா மார்க் போயிடும். இத வீட்டுக்குன்னு வெச்சுக்கறேன், பரீட்சைக்கு வேற எழுதிக்கறேன்."