ஆகுமானதிலும் ஒரு பேணுதல்

தவ்றாத்தின் ஐந்து ஆகமங்களுள் மூன்றாவது லேவியராகமம். இறைவன் பரிசுத்தமானவன், ஆதலால் மக்களும் பரிசுத்தமாயிருக்க வேண்டும் என்ற கட்டளையோடு அதன் 19ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. வழிபாட்டு விதிகளுக்கு நடுவே அங்கு வருபவை நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கின்றன. வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்கக்கூடாது. குருடன் முன்னே தடைக்கல் போடக்கூடாது. தராசும் படிக்கல்லும் சரியாயிருக்க வேண்டும். பரிசுத்தத்துக்கும் படிக்கல்லுக்கும் என்ன உறவு?

பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷி (1040–1105) சுருக்கத்துக்குப் பேர்பெற்ற உரைகாரர். முந்திய அத்தியாயம் தகாத உறவுகளைத் தடுப்பதால், பரிசுத்தம் என்பது அவற்றிலிருந்தும் பாவத்திலிருந்தும் விலகியிருத்தல் என்கிறார். குருடன் என்பதற்கு அவர் தரும் விளக்கம் அருமையானது. ஒரு விடயத்தில் விவரமறியாதவனே அந்தக் குருடன். அவனுடைய காணியைத் தான் வளைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு, காணியை விற்றுக் கழுதை வாங்கு என்று புத்தி சொல்பவன் தடைக்கல் போடுகிறான். பழைய றப்பிமாரின் மரபிலிருந்து ராஷி எடுத்தாளும் உதாரணம் இது.

கட்டலோனியாவின் ஜிரோனாவைச் சேர்ந்த ரம்பான் (1194–1270) இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார். 1263இல் பார்சலோனாவில் அரசர் முன்னிலையில் நடந்த மார்க்க விவாதத்தில் யூதர் தரப்பில் நின்றவர் இவர். விலக்கப்பட்டவற்றை வேதம் தனியே சொல்லிவிட்டதே, பிறகு ஏன் பரிசுத்தம் பற்றி ஒரு கட்டளை? ஆகுமான இறைச்சியையே பெருந்தீனியாய்த் தின்று, மதுவில் மூழ்கி, நாவை அடக்காது, ஒரு விதியையும் மீறாமலே ஒருவன் கீழ்மகனாய் வாழலாம். வேதத்தின் அனுமதியோடு கெடுபவன் அவன். அவனுக்காகவே இக்கட்டளை என்கிறார் ரம்பான்.

இந்த இடத்தில் அவர் காட்டும் உதாரணங்கள் உணவு, மது, தாம்பத்தியம், பேச்சு என்றே செல்கின்றன. இதை மட்டும் வாசித்தால் பரிசுத்தம் வெறும் துறவாகிவிடும்; கூலியும் தராசும் வெளியே நிற்கும். ஆனால், இதே உரையில் அவர் உபாகமம் 6:18ஐ இணைத்துக் காட்டுகிறார். அயலவனோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் எந்தச் சட்டமும் பட்டியலிட முடியாது. ஆகவே சிலவற்றைச் சொல்லிவிட்டு, செம்மையும் நன்மையும் செய்யும்படி அவ்வசனம் பொதுவாகப் பணிக்கிறது என்பது அவர் கருத்து. விற்பனைக்கு வரும் காணியை வாங்க அண்டைக் காணிக்காரனுக்குள்ள முன்னுரிமையை அங்கே உதாரணமாக்குகிறார். நமக்கு இது ஷுஃப்ஆவை நினைவூட்டும். அண்டை அயலானுக்கு ஹனபி மத்ஹபு அவ்வுரிமையைக் கொடுக்கிறது, நமது ஷாபிஈ மத்ஹபு பங்காளிக்கே கொடுக்கிறது. இரண்டு உரைகளையும் சேர்த்து வாசித்தால்தான் ரம்பான் முழுமையாகிறார்.

ராஷியின் காலத்தவரான இமாம் கஸ்ஸாலி (1058–1111) பேணுதலை நான்கு படிகளாகப் பிரித்து, குற்றமற்றதையும் குற்றத்துக்கு அஞ்சி விடுவதை அதில் ஒரு படியாக வைத்ததை நம்மவர் அறிவர். ஒருவர் மற்றவரிடம் பெற்றார் என்று நான் சொல்லவரவில்லை. சட்டத்தைப் போற்றும் சமூகம் எதுவாயினும் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீரும் என்பதே என் வாசிப்பு.

ஹராமா, ஹலாலா என்று கேட்டுவிட்டு எழுந்து போகும் பழக்கம் நம்மிடையே வலுத்திருக்கிறது. அவசியமான கேள்விதான். ஆனால், விவரமறியாதவனின் காணியை உறுதியெழுதி முறைப்படி வாங்கியவனை அது தொடுவதில்லை. அவனைத் தொடும் கேள்வியை உரைகாரர்கள் எண்ணூறு, தொளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டுவிட்டார்கள்.