பெஸ்கியின் காதும் ஒரு தேமாங்கனியும்

வீரமாமுனிவரைப் பற்றி எங்கள் மதுரையில் யார் பேசினாலும், 'இத்தாலிக்காரர் தமிழில் காப்பியமே பாடிட்டாரே!' என்ற வியப்பில் பேச்சு முடிந்துவிடுகிறது. வியப்பு விமர்சனம் ஆகாது. 1680இல் இத்தாலியில் பிறந்து மதுரை மிஷனுக்கு வந்த அந்தப் பாதிரியாரின் காது எதைக் கடந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அவருடைய பெயரையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியர் அதை 'பெ-ஸ்கி' என்று பிரிப்பார்கள். ஸகர ஒற்று அடுத்த உயிரோடு போய்ச் சேரும். நாம் அசை பிரித்தால் 'பெஸ்-கி'. நமக்கு ஒற்று முந்தைய எழுத்தின் வால். இத்தாலியில் அழுத்தம் பொருளையே மாற்றும்: 'அங்கோரா'வில் முதல் அசையை அழுத்தினால் நங்கூரம், நடு அசையை அழுத்தினால் 'இன்னும்'. தாந்தே எழுதிய பதினோரசை அடியிலும் பத்தாவது அசையில் அழுத்தம் விழுந்தாக வேண்டும்.

நம் யாப்பில் அழுத்தத்துக்கு வேலை இல்லை. குறிலா, நெடிலா, ஒற்று உண்டா என்பதுதான் கணக்கு. 'மதுரை' இத்தாலியக் காதுக்கு மூன்று அசை. நமக்கு மது-ரை, நிரைநேர், புளிமா. இத்தாலியில் அழுத்தம் விழும் உயிர் பெரும்பாலும் தானாகவே நீளும். அழுத்தமும் நீளமும் ஒட்டிப்பிறந்த காது அது. இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகாமல் விருத்தம் ஒரு சீர்கூட நகராது.

அப்படிப் பழகிய காதுதான், எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் எழுத்திலேயே வேறுபாடு தெரியும்படி செய்தது என்று நினைக்கிறேன். 'கெடு' நிரையசை, 'கேடு' நேர்நேர். சுவடியில் புள்ளி விடுபட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், சீர் குலையும். இதை எழுத்துச் சீர்திருத்தம் என்று மட்டும் பாடப்புத்தகத்தில் படித்தோம். யாப்புக்காரனின் கவலையும் அதில் இருக்கிறது. 'தொன்னூல் விளக்கம்' எழுதியவர், யாப்பையும் ஐந்தில் ஒன்றாக வைத்தவர் அல்லவா?

'நேர்நேர் தேமா' என்று பள்ளியில் கத்தி மனப்பாடம் செய்தவன்தான் நானும். மதிப்பெண் வந்தது, காது வரவில்லை. செய்யுளைச் சொல் பிரித்துப் பொருளுக்காக ஓட்டிப் படித்தே வளர்ந்தோம். அப்படிப் படித்தால் 'தேம்பாவணி'யில் கதை கிடைக்கும், ஓசை கிடைக்காது. பிறகு அதன் நடை கடினம், செயற்கை என்று தீர்ப்புச் சொல்வது எந்த நியாயம்?

தேம்-பா-வணி: நேர், நேர், நிரை. தேமாங்கனி. தலைப்பிலிருந்தே தொடங்கலாம். ஒரு பாட்டையாவது சீர் சீராக, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கரடுமுரடு இருந்தால் அப்புறம் சொல்வோம். அப்போதுதான் அதைச் சொல்ல நமக்கு உரிமை வரும்.