பாறையும் அலையும் போதாவோ?

கொல்லிமலை என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் எழுவது கொல்லிப்பாவை. தெய்வம் ஆக்கியதென்றும், காற்றும் இடியும் தாக்கினும் எழில் குன்றாததென்றும் சங்கப் புலவர் அதனைப் போற்றினர். அப்பாவையின் புகழில் அது நின்ற பாறை மறைந்துபோயிற்று. உருவம் வந்து நின்றால் நிலம் பின்னணியாகிவிடும். அவ்வுருவத்தை நீக்கிவிட்டால், எஞ்சும் பாறையும் நீரும் ஓர் ஓவியத்துக்குப் போதுமா?

இவ்வினா நம் இல்லங்களுக்கு மிக நெருக்கமானது. வண்ணப்பெட்டி கேட்கும் பிள்ளையிடம், "ஓவியம் நமக்கு ஆகாது" என்று ஒரே சொல்லில் கதவடைத்து விடுகிறோம். உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைத்தார்கள். அவர் கலங்கியது கண்டு, மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. கலீஃபா வலீத் காலத்தில் எழுந்த திமிஷ்க் பெரும் பள்ளிவாசலின் சுவர்களில் ஆறும் மரமும் மாளிகையும் வண்ணச் சில்லுகளால் அமைந்துள்ளன. மனிதரோ விலங்கோ அங்கில்லை.

இனி, கடலோரப் பாறையை வரைந்த இரு வகையினரை ஒப்பு நோக்குவோம். தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792-93இல் தென்னாட்டில் சுற்றி வரைந்தனர். மாமல்லபுரத்துப் பாறைகள் 1799இல் செப்புத்தகட்டு அச்சுப் படங்களாக வெளிவந்தன. தாயகம் திரும்பிய தாமஸ், தம் இந்தியக் கோட்டோவியங்களைக் கொண்டு எண்ணெய் வண்ண ஓவியங்களும் தீட்டினார். அளவு பிசகாத கோடு அவர்கள் சிறப்பு. ஆயினும் பாறையைக் கட்டடம்போல் அளந்தார்களேயன்றி, அதன்மேல் மோதும் காற்றைத் தரவில்லை என்பதே நம் கருத்து. பாறையின் பெருமையைக் காட்ட அவர்கள் சிறு மனித உருவங்களின் துணையை நாடுவதும் உண்டு.

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1886 செப்டம்பரில் பெல்-ஈல் தீவுக்குச் சென்றார். சில நாள் தங்க எண்ணியவர் நவம்பர் இறுதிவரை அங்கிருந்தார். போர்-கொத்தோன் கரையின் கூர்ப்பாறைகளை மீண்டும் மீண்டும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவற்றில் வானம் மேலே ஒரு குறுகிய பட்டை; மற்றதெல்லாம் பாறையும் அலையுமே. எண்ணெய் வண்ணம் மெல்லக் காய்வது. ஈரத்தின்மேல் ஈரம் குழைத்தும், காய்ந்ததன்மேல் தடித்துப் பூசியும் பாறையின் முரட்டுத்தன்மையை எழுப்பலாம். அவர் பாறை வெறுங்கறுப்பன்று. ஊதாவும் பச்சையும் துருநிறமும் அதில் ஒளிர்கின்றன.

இது நமக்குப் புதிதன்று. திருமறையின் ஃபாத்திர் அத்தியாயம் மலைகளின் வெண்மை, செம்மை, கருங்கறுப்பு ஆகிய நிற வேறுபாடுகளைச் சுட்டிக்காட்டி, அடுத்த வசனத்திலேயே அறிவுடையோரின் இறையச்சத்தைப் பேசுகிறது. பாறையின் நிறத்தை உற்று நோக்குதலும் அறிவின் வாயில் அன்றோ!

கொல்லிமலையில் கடலில்லை. ஆனால் ஐயாறு ஆகாய கங்கையாய் வீழும் இடத்தில் அதே சோதனை காத்திருக்கிறது: நனைந்த பாறைக்கும் உலர்ந்த பாறைக்கும் நிறம் ஒன்றன்று. அதனைக் கண்டு தீட்டத் தெரிந்த கைக்குப் பாவை தேவையில்லை. பெற்றோரே, பிள்ளைக்கு எல்லையைச் சொல்லுங்கள். அவ்வெல்லைக்குள் விரிந்து கிடக்கும் உலகையும் காட்டுங்கள்.