ஜாஸும் நாதஸ்வரமும்: சேர்ந்ததும் சேராததும்

அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மேரியானோ 1960களின் பிற்பகுதியில் ரேடியோ மலேசியா இசைக்குழுவோடு பணியாற்றக் கோலாலம்பூர் வந்தார். சார்ல்ஸ் மிங்கஸின் 1963 இசைத்தட்டில் வாசித்துப் பேரெடுத்தவர், இங்கே நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, மாணவராகி அதைக் கற்கத் தொடங்கினார். சுங்கை பூலோவில் கோயில் மேளம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை யாரும் சொல்வதில்லை.

ஜாஸும் கர்நாடக இசையும் கலப்பதற்கு நல்ல நியாயம் உண்டு. இரண்டுக்கும் உயிர் மனோதர்மம்தான். ஜாஸில் டிரம் கலைஞரும் மற்றவர்களும் நான்கு பார்களாக மாறி மாறி வாசிப்பார்கள். நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிக்கும். லயத்தில் இருவருக்கும் பேச்சு எளிதில் ஒத்துப்போகிறது.

சிக்கல் ராகத்தில்தான். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். நாதஸ்வரக்காரர் சீவாளியில் மூச்சை இறுக்கித் தளர்த்தி, துளையைப் பாதி மூடி அந்த அசைவைக் கொண்டுவருகிறார். அதன் அடியில் பியானோ ஒரு கார்டை அழுத்திப் பிடித்தால், அசைகிற ஸ்வரம் அபஸ்வரமாகக் கேட்கும். வாசிப்பவர் கமகத்தைக் குறைத்து இணங்கிப்போவார். ஆரோகண அவரோகணம் மிஞ்சும், தோடி போய்விடும். பல கலப்புக் கச்சேரிகள் தோற்பது இங்கேதான்.

இதை உணர்ந்த குழு கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் சக்தி. கமகத்துக்காக அவர் கிதாரின் விரல்பலகையையே குடைந்து அமைத்தார்கள். எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் அங்கே தன்னியல்போடு ஒலித்தன.

மேரியானோவின் 1976 இசைத்தட்டு ‘ஹெலன் 12 ட்ரீஸ்’. அதில் நாதஸ்வரம் உண்டு, தவில் இல்லை. மின்கருவிகளுக்கு நடுவே அது வெறும் வண்ணமாக நின்றுவிடுகிறது. 1983-இல் பாடகி ஆர்.ஏ. ரமாமணியோடு செய்த ‘ஜோதி’யில் அவர் நாதஸ்வரத்தைத் தொடவில்லை. சாக்சபோனும் புல்லாங்குழலும் மட்டும். அதுவே என் கணிப்பில் அவருடைய சிறந்த கலப்பு, ஏனென்றால் பாட்டு தன் இலக்கணத்தில் நிற்க, அவர் அதைத் தேடி வருகிறார்.

டிரம் கலைஞர் லூயிஸ் பிரகாசத்தின் கலப்பிசைக் குழுவான ஆசியாபீட் பிறந்த ஊர் இது. கோலாலம்பூர் ஜாஸ் மேடை ஏற்பாட்டாளர்களே, நம் நாதஸ்வர, தவில் கலைஞர்களைத் தொடக்க மங்கல இசையோடு அனுப்பிவிடாதீர்கள். ஒத்திகைக்கு அழையுங்கள், ராகத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.