அடித்துவிடப்பட்ட பத்திகள்

இங்கிலாந்தில் வாழும் என் தோழி ஒருத்தி, கணவரின் பணி ஓய்வுக்குப் பிறகு அவரோடு மோட்டார்ஹோமில் ஆறு வாரம் போர்ச்சுக்கலைச் சுற்றினாள். திரும்பியதும் தன் நாட்குறிப்பை எனக்கு அனுப்பினாள். புத்தகமாக்கும் எண்ணம். “சமையல், துவையல், கக்கூஸ் சமாச்சாரமெல்லாம் பென்சிலால் அடித்திருக்கிறேன். மிச்சத்தைப் படித்துச் சொல்லு” என்று ஒரு துண்டுத்தாளும் இருந்தது. நான் அடித்தவற்றைத்தான் முதலில் படித்தேன்.

அடிக்காமல் விட்டவை நமக்குப் பழகிய பயண இலக்கியம். நாசரேயின் பேரலைகள், சாவ் விசென்டே முனையில் கடலுக்குள் இறங்கும் சூரியன், அலென்டேஜோ சமவெளியின் தக்கை மரங்கள். 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை உரித்து, உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே எழுதிவைக்கிறார்கள். நன்றாகவே எழுதியிருக்கிறாள். ஆனால் அந்தப் பக்கங்களில் யாருக்கும் பசிக்கவில்லை. யாரும் பாத்திரம் கழுவவில்லை.

அடித்த பக்கங்களில் கணக்கு இருக்கிறது. வண்டியின் தொட்டி 100 லிட்டர். அதில்தான் சமையல், குளியல், பாத்திரம் எல்லாம். நல்ல நீர் எங்கே பிடிப்பது, கழுவிய நீரை எங்கே திறந்துவிடுவது, கேஸ் எத்தனை நாள் வரும், இன்றிரவு எங்கே நிறுத்தினால் பயமில்லாமல் தூங்கலாம் என்று நாள்தோறும் யோசித்தவள் அவள். “வீட்டை விட்டு வந்துவிட்டோம் என்கிறார். எங்கே விட்டோம்? ஓட்டிக்கொண்டுதானே வந்தோம்” என்ற வரியையும் அடித்திருக்கிறாள்.

ஆறு மீட்டர் வண்டிக்குள்ளும் அகமும் புறமும் பிரிந்துவிடுகின்றன. கழிப்பறைக் கேசட்டை இழுத்துப்போய்க் கொட்டுவது அவர் வேலை, ஏனென்றால் அது வெளியே. கழிப்பறையைத் தேய்ப்பது இவள் வேலை, ஏனென்றால் அது உள்ளே. ஆனாலும் அந்தத் தொட்டி ஒன்றைச் சாதித்தது. வீட்டுக் குழாயில் ஓடும் தண்ணீரை யாரும் அளப்பதில்லை. அதோடு சேர்ந்து ஓடும் உழைப்பையும் அளப்பதில்லை. தலையில் நுரையோடு அவர் நின்றிருந்தபோது தொட்டி தீர்ந்தது. மறுநாள் அரிசி களைய எவ்வளவு தண்ணீர் என்று முதல்முறையாகக் கேட்டார். மூன்றாம் வாரம் அவரே களைந்தார். இதைவிடப் பெரிய நிகழ்ச்சி அந்த நாட்குறிப்பில் இல்லை. இதையும் அடித்திருக்கிறாள்.

பேஜா நகரத்துக்கு ஒரே வரி: “இன்று துவைக்கும் நாள். அவர் மியூசியம் போனார்.” அங்காடி வாசலில் இருந்த சலவை இயந்திரத்தின் முன் இவள் உட்கார்ந்திருக்கிறாள். அவர் பார்க்கப்போனது அந்த ஊர்க் கன்னிமாடத்தின் ஜன்னலை. மரியானா என்ற கன்னிகாஸ்திரீ அங்கே நின்று பிரெஞ்சு அதிகாரியைக் கண்டு காதலித்தாள் என்பார்கள். அவள் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் 1669இல் பாரிஸில் வெளியாயின. அவற்றை எழுதியது ஓர் ஆண் என்பதே இன்று ஆய்வாளர் பலரின் முடிவு. அந்த இரவல் குரலுக்கு 1972இல் மூன்று போர்ச்சுக்கீசியப் பெண்கள் தங்கள் குரலில் பதில் எழுதினார்கள்: மரியா இசபெல் பாரெனோ, மரியா தெரேசா ஓர்த்தா, மரியா வெல்யோ த கோஸ்தா. உடலையும் திருமணத்தையும் வீட்டுச் சிறையையும் எழுதிய ‘புதிய போர்ச்சுக்கீசியக் கடிதங்கள்’ தடைசெய்யப்பட்டது, மூவர்மீதும் வழக்கு. 1974 புரட்சிக்குப் பிறகே விடுதலையானார்கள். 1969 வரை அந்நாட்டில் மணமான பெண், கணவரின் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. அவர்கள் எழுத்தை அடிக்க ஓர் அரசு தேவைப்பட்டது. நமக்கு ஒரு பென்சில் போதுமாக இருக்கிறது.

வழியில் எதிர்ப்படும் பாணனிடம் எப்படிப் போகலாம், எங்கே தங்கலாம், என்ன சோறு கிடைக்கும் என்று இன்னொரு பாணன் சொல்வதை ஆற்றுப்படை என்று வகுப்பில் நடத்துகிறேன். சிறுபாணாற்றுப்படையில் ஊருக்கு ஊர் உணவு மாறுவதைத் திணை நயம் என்கிறோம். அதையே ஒரு பெண் எழுதினால் வீட்டுக் கணக்கு. அந்த நூலிலும் உடன் நடக்கும் விறலியர் கூந்தல் முதல் பாதம்வரை வருணிக்கப்படுகிறார்கள்; வழி சொல்வது அவர்கள் இல்லை. தோழியின் அடித்த பக்கங்களில் வழி சொல்பவள் விறலி.

அதனால் அடித்ததையெல்லாம் அழிரப்பரால் மீட்டுத் திருப்பி அனுப்பினேன். சூரியன் மறைவதை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். ஒரு குறையும் சொன்னேன். வண்டி நிறுத்துமிடங்களில் விடிவதற்கு முன்பே வந்து பொதுக் கழிப்பறைகளைக் கழுவும் உள்ளூர்ப் பெண்ணைப் பற்றி நாட்குறிப்பு முழுவதிலும் ஒரே வரிதான்: “சுத்தமாக வைத்திருக்கிறாள்.” அவளிடம் பேசினாயா, அவள் வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.