சாவி பாரிஸில் இருக்கிறது

காரைக்கால் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, பக்கத்துத் திருநள்ளாறு சனீஸ்வரன். இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலமானால் நாகப்பட்டினம் பக்கமிருந்தும் மயிலாடுதுறை பக்கமிருந்தும் எல்லை தாண்டி வருகிற பைக்குகளைக் கேளுங்கள், சொல்லும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பழைய வீடுகள். அதைப் பார்க்க நீங்கள் காலை ஆறரை மணிக்கு எழுந்து நடக்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் போனால் வீட்டுக்கு முன்னால் வேன் நிற்கும், ஃப்ளெக்ஸ் போர்டு மறைக்கும், ஒன்றும் தெரியாது.

போன மாதம் அப்படித்தான் நடந்தேன். பாரதியார் சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெரு. கீழே நம்ம ஊர்த் திண்ணை, மரத்தூண், ஓடு வேய்ந்த தாழ்வாரம். தலையைத் தூக்கினால் மாடியில் வளைவு வைத்த ஜன்னல், சட்டம் சட்டமாகத் திறக்கிற மரக்கதவு, பிரெஞ்சுக்காரன் பாணியில். கீழே பிள்ளைவாள், மேலே துரை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடும் இதே ஜாதிதான். இந்த வீடுகளை வெள்ளைக்காரன் கட்டிய வீடு என்று சொல்வது தப்பு. நம் ஆட்கள் நம் கொத்தனாரை வைத்துக் கட்டிக்கொண்டு, மாடிக்கு மட்டும் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டார்கள்.

நான் பார்த்த வீட்டில் பவுடர் உதிர்ந்திருந்தது. வாசலில் பூட்டு. பூட்டின் மேல் துரு. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று, இடுப்பு உயரம். அரச மரத்தின் வேர் சுவருக்குள் போய்விட்டால் மேலே வெட்டுவதால் பிரயோஜனமில்லை. அடுத்த மழையில் மறுபடி தளிர்க்கும். வேரோடு எடுக்கணும், எடுத்தால் சுவரும் கூட வரும்.

எதிரே தகரக் கொட்டகையில் ஒரு மெஸ். மூன்று பெஞ்சு. ஆவி பறக்க இட்லி, கத்திரிக்காய் கொத்சு, கெட்டிச் சட்னி. உட்கார இடமில்லாமல் நாலு பேர் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் இடமில்லாத கூட்டம், அந்தப் பக்கம் கூட்டமில்லாத இடம். நடுவில் பன்னிரண்டு அடி ரோடு. இந்த வாரம் பேச நினைப்பது அந்தப் பன்னிரண்டு அடியைப் பற்றித்தான்.

பழைய கட்டடங்களுக்கு மறுவாழ்வு கொடுப்பது இப்போது ஃபேஷன். கொடுத்ததும் அதற்குள் முதலில் வைப்பது ஒரு டைனிங் டேபிள். புதுச்சேரியில் இதன் ஆரம்பம் ரொமெய்ன் ரோலான் வீதி. ஒரு காலத்தில் கல்வித் துறை அலுவலகமாக இருந்த கட்டடத்தை நீம்ரானா நிறுவனம் எடுத்து, 'ஓட்டல் தெ லோரியான்' என்று ஆக்கியது. பிறகு தமிழ்ப் பகுதியிலும், பெருமாள் கோயில் தெருவில் ஒரு செட்டியார் வீடு 'மெஸோன் பெருமாள்' ஆனது. அதற்குப் பின் வந்த வீடுகளை எண்ணி முடியாது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் (பெயர் வேண்டாம்) ஒரு காலை டிபன் சாப்பிட்டேன். பப்பாளித் துண்டு, க்ரோசான், ஆம்லெட். இட்லி உண்டா என்றேன். உண்டு. பீங்கான் கிண்ணத்தில் நாலு பட்டன் இட்லி, மேலே ஒரு கறிவேப்பிலை, வரும்போதே ஆறிப்போன சாம்பார். பரிமாறிய பையன் பக்கா தமிழ்ப் பையன், என்னோடு இங்கிலீஷிலேயே பேசினான். அதுதான் உத்தரவாம். சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் போட்டோ. தலைப்பாகைத் தாத்தா, ஒன்பது கஜம் பாட்டி. வீட்டுக்காரங்களா தம்பி என்று கேட்டேன். "இல்ல சார், காரைக்குடில பழைய சாமான் கடையில வாங்கினது" என்றான்.

யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருத்தர் வீட்டில், வேறு யாரோ ஒருத்தருடைய தாத்தாவைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் சொந்தமில்லாத இட்லியைச் சாப்பிட்டிருக்கிறேன். பில் தொகையைச் சொல்ல மாட்டேன், வீட்டில் இதைப் படிப்பார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுவர் அபாரம். கை வைத்தால் பளிங்கு மாதிரி வழவழ, தொட்டால் ஜில். இந்த இடத்தில் கொஞ்சம் டெக்னிக்கலாகப் பேச அனுமதியுங்கள். பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு மூச்சு விடும். கடலோர ஊரில் தரையிலிருந்து ஏறுகிற ஈரமும் உப்பும் அதன் வழியாக மெதுவாக வெளியேறிவிடும். நாம் என்ன செய்கிறோம்? காரை உதிர்கிறதே என்று மேலே சிமென்ட் பூசுகிறோம், அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. உப்பு பூத்து, சிமென்ட்டைப் பட்டை பட்டையாகத் தள்ளி, கூடவே செங்கல்லையும் மாவாக்குகிறது. பாசத்தோடு ரிப்பேர் செய்து கொன்ற வீடுகள், கவனிக்காமல் விட்டுச் செத்த வீடுகளுக்குச் சளைத்தவையல்ல. சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, பல பூச்சாகத் தேய்த்து ஏற்றத் தெரிந்த கொத்தனார்களுக்கு இன்று வேலை இருக்கிறதென்றால் இந்த ஓட்டல்களுக்கு அதில் பெரிய பங்குண்டு. ஆகவே இட்லியைத் திட்டுகிறேன், சுவரைக் கும்பிடுகிறேன்.

கும்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஊரில் உதாரணம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் 'மேரி' என்று ஊரே கூப்பிட்ட பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. அதே இடத்தில் அதே உருவத்தில் மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். பார்க்க அப்படியே இருக்கிறது. செத்துப்போனவரின் மெழுகுச் சிலையும் அப்படியேதான் இருக்கும். இன்டாக் அமைப்பு பட்டியல் போட்டு வைத்த புதுச்சேரி வீடுகளில் பல நூறு இன்று பட்டியலில் மட்டும் இருக்கின்றன.

காரைக்காலிலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டிய ஊர், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். தெற்கே போனால் நாகப்பட்டினம், போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் மாறி மாறி ஆண்டது. நடுவில் 1739-லிருந்து பிரெஞ்சுக் காரைக்கால். காலையில் தரங்கம்பாடியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஐரோப்பாவின் நாலு தேசத்தைக் கடந்துவிடலாம், விசா வேண்டாம்.

தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த பழைய கலெக்டர் பங்களாவை ஓட்டலாக்கினார்கள், அதுவும் நீம்ரானாதான். கவர்னர் மாளிகையை டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் கைகொடுத்துச் சீர்செய்தார்கள். சீகன்பால்கு இருந்த வீடு அருங்காட்சியகமானது. ராஜா வீதியில் நடந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் காலை ஏழு மணிக்கு அந்த வீதி எப்படி இருக்கும் தெரியுமா? கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும். சுத்தம், உள்ளே ஒன்றுமில்லை. ஊர் ஜனங்கள் டீ குடிப்பது கோட்டை வாசலுக்கு வெளியே, மெயின் ரோட்டில்.

என் புகார் இதுதான். கட்டடத்துக்கு உயிர் கொடுத்தோம் என்கிறார்கள். உயிர் என்பது என்ன? ராத்திரி விளக்குப் போட்டு போட்டோ எடுப்பதா? ராத்திரிச் சாப்பாடு விசேஷம், யார் வேண்டுமானாலும் என்றைக்கோ ஒரு நாள் போகலாம். காலை டிபன் அப்படியில்லை. அது தினசரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை கூட வாராமல் போகிற இடம். அந்தக் கோலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வர முடிந்தால்தான் அந்தக் கட்டடம் அந்தத் தெருவில் இருக்கிறது என்று அர்த்தம். சென்னைக்காரர்களுக்கு உட்லண்ட்ஸ் டிரைவ் இன் ஞாபகம் இருக்கும். 1962-லிருந்து 2008 வரை மந்திரிக்கும் மெடிக்கல் ரெப்புக்கும் அங்கே ஒரே பூரிக்கிழங்குதான். இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா. மரங்கள் பிழைத்தன, அதுவரை சந்தோஷம்.

வெளியூர்களிலும் இதே கதைதான். கொழும்புக் கோட்டையில் டச்சு ஆஸ்பத்திரி, பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம். 2011-ல் பிரமாதமாகப் புதுப்பித்தார்கள். நண்டு சாப்பிடலாம், பர்ஸ் கனமாக இருந்தால். எதிர்க்கதை வேண்டுமென்றால் கல்கத்தா காலேஜ் தெருவுக்குப் போக வேண்டும். 1876-ல் தொடங்கிய ஆல்பர்ட் ஹால், 1942-ல் காபி போர்டு அங்கே காபிக்கடை போட்டது. போர்டு கைவிட்டதும் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து எடுத்துக்கொண்டார்கள். இன்றும் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உலகப் புரட்சி பேசலாம், எழுந்து போ என்று யாரும் சொல்வதில்லை. சுவரில் பெயின்ட் பிரமாதம் என்று சொல்ல முடியாது. கட்டடம் உயிரோடு இருக்கிறது.

புதுச்சேரியிலேயே நல்ல காரியமும் நடந்தது, அதையும் மறைக்கக்கூடாது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய யூனியன் பணத்தோடு, தமிழ் வீடுகளின் முகப்புகளை ஒரு வரிசையாக மீட்டார்கள். திண்ணையும் தாழ்வாரமும் திரும்பி வந்தன. வீட்டுக்காரர்கள் வீட்டிலேயே இருந்தார்கள், அதுதான் முக்கியம். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. ஒரு தெருதான். அதற்கப்புறம் அந்த வேகம் எங்கே போயிற்று?

காரைக்காலில் எந்த வேகமும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு விதத்தில் நல்லது, கெடுவதற்கு முன் யோசிக்கலாம். மஞ்சள் பெயின்ட் அடித்து, 'ரூ' என்று நீலப் பலகை மாட்டி, குட்டி வெள்ளை நகரம் ஒன்றை இங்கேயும் தயாரிக்க வேண்டாம். இந்த ஊரின் பெருமை பிரெஞ்சுக்காரனுக்கு ஆயிரம் வருஷம் முந்தியது. புனிதவதி என்கிற வணிகர் வீட்டுப் பெண், பசியோடு வாசலுக்கு வந்தவருக்குக் கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனியை எடுத்துச் சோறோடு பரிமாறினாள். ஊரின் மூலக்கதையே ஒரு சாப்பாடு. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சாடனர் வீதியுலா வரும்போது இருபுறமும் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், கீழே கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். பழைய மாடிகள் எதற்கு என்று கேட்பவர்கள் அன்றைக்கு வந்து பார்க்கலாம். பூட்டிய வீட்டு மாடியிலிருந்து பழம் விழாது.

வாடிக்கைக்கும் பஞ்சமில்லை. சனிக்கிழமைகளில் திருநள்ளாறு நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, தரிசனம் முடித்துப் பசியோடு வருகிற ஜனம் எவ்வளவு! அவர்களுக்கு ஒரு முற்றத்தைச் சுற்றி இலை போட்டு, இட்லியும் பொங்கலும் கொத்சும் கொடுத்தால் போதாதா? மரைக்காயர் வீட்டு முற்றமென்றால் இடியாப்பமும் பாயாவும். ஊர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில். இந்த வீடுகள் அதற்கென்றே கட்டினது மாதிரி இருக்கின்றன. அடுக்களை பின்கட்டில், கிணறு கொல்லையில், முற்றம் சூட்டை மேலே இழுத்துவிடும். ஓட்டல் வைக்கிறவர்கள் செய்யும் தப்பு, அடுக்களையை முன்கட்டுக்குக் கொண்டுவந்து, சுண்ணாம்புச் சுவரில் ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் மாட்டி, மச்சில் தண்ணீர்த் தொட்டி ஏற்றுவது. மரக்கட்டையும் செங்கல்லுமாக நிற்கிற மச்சு எவ்வளவு பாரம் தாங்கும்? பின்கட்டைப் பின்கட்டாகவே விடுங்கள் சாமி.

சரி, யார் செய்வது? இங்கேதான் சிக்கல். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது, 1962 ஆகஸ்டில் சட்டப்படி கைமாறியது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பாரிஸ் பக்கம் போய்விட்டன. தாத்தா சொல்தாவாகப் பென்ஷன் வாங்கினார், பேரன்கள் அங்கேயே பிறந்து வளர்ந்து, வீட்டில் ஆறில் ஒரு பங்கோ பதினெட்டில் ஒரு பங்கோ வைத்திருக்கிறார்கள். விற்க ஒருத்தர் சம்மதித்தால் இன்னொருத்தர் கையெழுத்துப் போட மாட்டார். பெரிய ஓட்டல் கம்பெனிக்காரன் வக்கீல் வைத்து எல்லோரையும் பிடித்துவிடுவான். மெஸ்காரரால் முடியுமா? அரசாங்கம் செய்ய வேண்டியது இந்த இடத்தில்தான். விற்காமல், பங்கு பிரிக்காமல், பதினைந்து வருஷம் குத்தகைக்கு விட வழி பண்ணி, ரிப்பேர் செலவில் பாதியைக் கொடுத்து, சிமென்ட் பூசினால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு நிபந்தனை போடலாம். வாடகை ஆறு பங்குக்கும் தனித்தனியாக பேங்கில் போகட்டும். ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

மெஸ்காரரிடம் கேட்டேன். "எதிர்த்த வீட்டைக் குடுத்தா எடுத்துப்பீங்களா?"

அவர் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுப்பேன் சார். நாப்பது பேர் உக்காரலாம் உள்ள. சின்ன வயசுல அந்த முத்தத்துல வெளையாடியிருக்கேன், மழை பேஞ்சா நடுவுல குளம் மாதிரி நிக்கும். கேட்டும் பார்த்தாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"சாவி பாரிஸ்ல இருக்காம். உங்களுக்கு இன்னொரு தோசை சொல்லட்டுமா?"

சொல்லச் சொன்னேன்.